எத்தனை வாய், எத்தனை நாள் ஓய்வு: மேய்ச்சல் பண்ணைக்கு எந்த வழி?

மேய்ச்சல் நிலத்தைப் பண்ணையாக நடத்த இறங்குகிறவர் முதலில் கேட்பது வேலியைப் பற்றித்தான். நிலம் முழுவதையும் ஒரே வேலிக்குள் வைத்து மாடுகளை வருஷம் முழுக்க விட்டுவிடலாமா? பத்துத் துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கலாமா? தினமும் ஒரு புதுத் துண்டு திறந்துவிடும் அளவுக்குப் போகலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், தங்கள் வழிதான் லாபம் என்று அடித்துச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: வேலிக்கு முன்பு தீர்மானிக்க வேண்டியது மாடுகளின் எண்ணிக்கை. அது தப்பினால் எந்த முறையாலும் நிலத்தைக் காப்பாற்ற முடியாது. அது சரியாக அமைந்தால் மிகச் சாதாரண முறைகூடப் பணம் தரும். முறை அதற்கு அடுத்த படி.

ஆனால் எண்ணிக்கையைப் பற்றிப் பேச, புல்லுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பண்ணையில் விளைகிற பயிர் புல். மாடு அதை நடந்துபோய் அறுத்து, தன் உடம்பில் எடையாகச் சேர்த்து, தன் காலிலேயே நடந்து விற்பனைக்கு வருகிறது. எந்திரமும் டீசலும் கேட்காத இந்த அறுவடைதான் மேய்ச்சல் பண்ணையின் லாபத்துக்கு அடிப்படை. தீவனத்தை வெட்டி, ஏற்றி, இறக்கி, மாட்டின் முன்னால் போடுகிற ஒவ்வொரு நாளும் அந்த லாபம் கரைகிறது. ஆகவே மாடு தானாக மேயும் நாட்களைக் கூட்டுகிற முறைதான் நல்ல முறை, அதுவும் அடுத்த வருஷப் புல்லைத் தின்று தீர்க்காமல் கூட்ட வேண்டும்.

புல் இலையால்தான் வெயிலைப் பிடித்து வளர்கிறது. மேய்ந்த பிறகு போதிய இலை மிஞ்சியிருந்தால் உடனே துளிர்க்கும். ஒட்டக் கடித்துவிட்டால் அடித்தண்டில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துத்தான் புது இலை விட வேண்டும். அதற்குள் வேர் பட்டினி கிடக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையில் எஃப். ஜே. கிரைடர் 1955இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் இன்றும் மேய்ச்சல்காரர்கள் வாயில் அடிபடுகின்றன. இலையில் 40 சதவீதம் வரை வெட்டினால் வேர் வளர்ச்சி தடைபடவில்லை. 50 சதவீதம் வெட்டியபோது மிகச் சில வேர்களே நின்றன. 60 சதவீதத்தில் ஏறக்குறைய பாதி வேர் நின்றுவிட்டது. 80 சதவீதம் வெட்டியபோது எல்லா வேரும் 12 நாள் வளராமல் கிடந்தன, 90 சதவீதத்தில் 17 நாள். பாதிக்கும் அறுபதுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று கவனியுங்கள். வேர் வளராத 17 நாளில் ஒரு மழை வந்து போனால், அந்தத் தண்ணீரைப் பிடிக்க ஆள் இல்லை. “பாதி எடு, பாதி விடு” என்ற பழைய விதி இங்கிருந்துதான் வலிமை பெறுகிறது.

இரண்டாவது செய்தி நேரத்தைப் பற்றியது. நார்மண்டியில் பண்ணை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வுவாசேன் 1950களில் இதை அழுத்தமாகச் சொன்னார். ஒரு செடி முதல் கடியில் கெடுவதில்லை. கடிபட்டுத் துளிர்த்து, அந்தத் துளிர் இரண்டு மூன்று அங்குலம் எழும்போது திரும்பக் கடிபடுவதுதான் அதைக் கொல்கிறது. மாட்டுக்கோ அந்த இளந்துளிர்தான் அமிர்தம். விட்டுவைத்தால் அதையே தேடிப் போகும். ஆகவே ஒரு துண்டில் மாடு மூன்று நாளுக்கு மேல் தங்காமலிருப்பது நல்லது, ஆறு நாளைத் தாண்டவே கூடாது, திரும்பி வரும்போது புல் முழுதாகத் தேறியிருக்க வேண்டும் என்றார் அவர்.

இதை வைத்துக்கொண்டு சிலர், “நேரம்தான் முக்கியம், எண்ணிக்கை முக்கியமில்லை” என்று பேசுவதுண்டு. இது ஆபத்தான பேச்சு. ஒரு துண்டுக்குள் நடப்பதற்கு நேரம் பொறுப்பு என்பது சரி. ஆனால் வருஷம் முழுக்கப் பார்த்தால், வாய்கள் கூடக் கூட ஒவ்வொரு துண்டும் சீக்கிரம் தீரும். அடுத்ததைச் சீக்கிரம் திறக்க வேண்டிவரும். ஓய்வு நாள் தானாகச் சுருங்கிவிடும்.

எத்தனை மாடு?

ஒரு மாடு தினமும் தன் உடல் எடையில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் உலர்எடைப் புல் (ஈரம் போக நிற்கும் எடை) தின்னும். 450 கிலோ பசுவுக்கு நாளைக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல், வருஷத்துக்கு 4,100 கிலோ. 100 ஏக்கர் நிலத்தில் ஏக்கருக்கு 2,000 கிலோ உலர்எடைப் புல் விளைவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,00,000 கிலோ. வகுத்தால் 48 மாடு என்று வரும்.

இந்த 48ஐ நம்பி மாடு வாங்கினால் நிலம் இரண்டு வருஷத்தில் மொட்டையாகும். பாதியைச் செடிக்கு விட வேண்டும். எடுக்கிற பாதியிலும் மிதிபட்டது, சாணம் விழுந்தது, பூச்சி தின்றது, காய்ந்து உதிர்ந்தது போக மாட்டின் வாய்க்குப் போவது மீண்டும் பாதிதான். ஆக, ஒரே வேலிக்குள் வருஷம் முழுக்க விட்டுவிடும் திறந்த மேய்ச்சலில் விளைச்சலின் 25 சதவீதம்தான் உண்மையான தீனி. 50,000 கிலோ. 48 மாடு என்று தோன்றிய நிலம் தாங்குவது 12 மாட்டை. துண்டு துண்டாக மாற்றி மேய்க்கும் சுழற்சியை நன்றாக நடத்தினால் அந்த 25ஐ 35 சதவீதமாக உயர்த்த முடியும் என்று கொண்டால் 17 மாடு. சுழற்சி முறை தரும் வாக்குறுதி இந்த ஐந்து மாடுதான். வேலி, தண்ணீர்க் குழாய், கூடுதல் உழைப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஐந்தும் பதில் சொல்லியாக வேண்டும்.

தாங்கும் எண்ணிக்கை தெரிந்தாலும் அதுவே லாபமான எண்ணிக்கை ஆகிவிடாது. 1974இல் ஆஸ்திரேலியாவில் ஜோன்ஸ், சாண்ட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல மேய்ச்சல் சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை கூடக் கூட, ஒரு மாடு ஏற்றும் எடை ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்குவது தெரிந்தது. இதை ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலத்தில் 10 கன்று விட்டால் பருவ முடிவில் ஒவ்வொன்றும் 160 கிலோ ஏறுகிறது. கூடுதலாக ஒரு கன்று சேர்க்கும்போதெல்லாம் எல்லாக் கன்றுக்கும் 4 கிலோ குறைகிறது. அப்படியானால் 15 கன்றுக்கு மொத்தம் 2,100 கிலோ, 20க்கு 2,400, 25க்கு 2,500, 30க்கு மறுபடி 2,400. எடையை மட்டும் பார்த்தால் 25தான் உச்சம்.

ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் செலவு இருக்கிறது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, தாது உப்பு, போட்ட முதலுக்கு வட்டி, செத்துப்போகும் ஒன்றிரண்டின் இழப்பு. அது தலைக்கு 40 கிலோ எடையின் மதிப்பு என்று வையுங்கள். இப்போது கழித்துப் பாருங்கள். 20 கன்றில் மிஞ்சுவது 1,600. 25இல் 1,500. 15இலும் அதே 1,500! பத்துக் கன்று குறைவாக வைத்தவருக்கும் அதே லாபம், அதோடு நிலத்தில் மிச்சப் புல், கையில் மிச்சப் பணம், மழை தவறினால் தாங்குவதற்கு இடம். இந்தக் கணக்கை ஒரு தாளில் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்காமல் யாரும் மாடு வாங்கப் போகக் கூடாது என்பேன். 20க்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கன்றும் பார்க்க மந்தையைப் பெருக்குகிறது, கணக்கில் லாபத்தைத் தின்கிறது.

நான்கு முறைகள்

திறந்த மேய்ச்சலை இழிவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. சுற்றுவேலி, ஓரிரு தண்ணீர்த் தொட்டி, தாது உப்புக் கட்டி, இவ்வளவுதான் முதலீடு. மாடு தனக்குப் பிடித்த புல்லைத் தேர்ந்து தின்பதால் தலைக்கு ஏறும் எடை பெரும்பாலும் இதில்தான் அதிகம். குறை என்னவென்றால், பிடித்த இடத்தையே திரும்பத் திரும்பக் கடிக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மண் தெரியும், மூலையில் புல் இடுப்பளவு நின்று முற்றும். நல்ல புல்லினங்களும் பயறு வகைச் செடிகளும் முதலில் காணாமல் போகும், மாடு தொடாத களைகள் இடத்தைப் பிடிக்கும். எண்ணிக்கை லேசாக இருந்தால் இது பல வருஷம் தெரியாமலே ஓடும். கனமாக இருந்தால் நிலம் வேகமாகச் சரியும்.

இதற்கும் சுழற்சிக்கும் நடுவே ஒரு வழி உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். டெக்சஸின் சொனோரா ஆய்வுப் பண்ணையில் லியோ மெரில் உருவாக்கிய முறை அது. நான்கு துண்டு, மூன்று மந்தை. எப்போதும் ஒரு துண்டு காலி. ஒவ்வொரு துண்டும் 12 மாதம் மேயப்பட்டு 4 மாதம் ஓய்வெடுக்கிறது. முழுச் சுற்று 16 மாதம் என்பதால் அந்த ஓய்வு ஒவ்வொரு முறையும் வேறு பருவத்தில் விழுகிறது. அந்தத் திட்டத்தின் அழகு அங்கேதான் இருக்கிறது. ஒரு வருஷம் புல் பூத்து விதை விடும் பருவத்தில் ஓய்வு, இன்னொரு வருஷம் முதல் மழையில் ஓய்வு. வேலி அதிகம் வேண்டாம், தினமும் ஆள் போக வேண்டாம். மழை குறைந்த, புல் மெல்ல வளரும் பெரிய நிலத்துக்கு இதைவிடச் செலவில்லாத பாதுகாப்பை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, எட்டிலிருந்து பன்னிரண்டு துண்டு வரை பிரித்து ஒரே மந்தையாக நகர்த்தும் சுழற்சி. எத்தனை துண்டு வேண்டும் என்பதற்குக் கணக்கு சுலபம்: வேண்டிய ஓய்வு நாளை, ஒரு துண்டில் தங்கும் நாளால் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள். 30 நாள் ஓய்வு, 3 நாள் தங்கல் என்றால் 11 துண்டு. 60 நாள் ஓய்வு தேவைப்பட்டு 6 நாள் தங்கினாலும் அதே 11தான். இதில் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, நாட்காட்டியைப் பார்த்து நகர்த்துவது. புல் வேகமாக வளரும்போது மாட்டையும் வேகமாக நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் துண்டுகளில் புல் முற்றிவிடும். வளர்ச்சி மந்தமாகும்போது மெதுவாக நகர்த்த வேண்டும். ஆனால் புல் குறைந்ததும் மனசு பதறி வேகமாக நகர்த்தத் தோன்றும். அப்படி ஓடினால் ஒவ்வொரு துண்டுக்கும் ஓய்வு குறையும், அடுத்த சுற்றில் இன்னும் குறைவாகப் புல் இருக்கும், இன்னும் வேகமாக ஓட வேண்டிவரும். மூன்று சுற்றில் பண்ணை முழுக்கக் கட்டைப் புல்தான். மெதுவாக நகர்த்த முடியவில்லை, துண்டு சீக்கிரமே தீர்கிறது என்றால், அது எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நிலம் கொடுக்கும் அறிவிப்பு.

நான்காவது, தினமும் அல்லது ஒரு நாளைக்குள்ளேயே பல முறை நகர்த்தும் அடர்மேய்ச்சல். ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) தொடங்கி அமெரிக்காவில் பரப்பிய ஆலன் சேவரியின் பெயரோடு சேர்த்து இது அதிகம் பேசப்படுகிறது. பெரும் கொன்றுண்ணிகளுக்குப் பயந்து அடர்ந்து நகரும் காட்டு மந்தைகளைப் போல மாடுகளை நெருக்கி வைத்தால், குளம்பு மண்ணைக் கிளறி, பழைய புல் தாளை மிதித்துப் படியவைத்து, சாணத்தைச் சீராகப் பரப்பி, நிலம் மீளும் என்பது அந்த வாதம். சாணம் பரவுவது உண்மை. புல்லை ஒரே சீராக மேய்வதும் உண்மை. ஆனால் பாலைவனமாதலையே திருப்பிவிடலாம் என்கிற அளவுக்குப் போன அவருடைய கூற்றுகளைப் பல ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

சோதனைகள் சொல்வது என்ன? 2008இல் டேவிட் பிரிஸ்கேயும் சக ஆய்வாளர்களும் அதுவரை நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொகுத்தார்கள். புல் விளைச்சலைப் பார்த்த 23 சோதனைகளில் 20இல் திறந்த மேய்ச்சல் சுழற்சிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. தலைக்கு ஏறும் எடையைப் பார்த்த 38இல் 35இல் அப்படியே. கொலராடோவின் குட்டைப் புல்வெளியில், பண்ணைக்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுத்து, நிலைமைக்கேற்ப நகர்த்திய ஒரு பெரிய சோதனையும் நடந்தது. எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றே. முதல் ஐந்து வருஷத்தில் சுழற்சி மந்தையின் காளைக்கன்றுகள், திறந்த மேய்ச்சலில் இருந்தவற்றைவிட 12 முதல் 16 சதவீதம் குறைவாகவே எடை ஏறின. காரணம் புரியக்கூடியதுதான்: நெருக்கி வைத்தால் மாட்டுக்குத் தேர்ந்து தின்ன வாய்ப்பில்லை.

அப்படியானால் சுழற்சிக்கு மாறிப் பலன் பெற்ற எத்தனையோ பண்ணைக்காரர்கள் சொல்வது பொய்யா? இல்லை. அவர்களுடைய வயல்களைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படுகிறது. ஆனால் கூர்ந்து கேட்டால், மாறிய அந்த வருஷத்தில் அவர்கள் இன்னும் பலவற்றையும் மாற்றியிருப்பார்கள். புல்லை அளக்கத் தொடங்கியிருப்பார்கள். தண்ணீரைத் தூர மூலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். கன்று ஈனும் பருவத்தை மாற்றி, வாங்கும் தீவனத்தைக் குறைத்திருப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மந்தையோடு நடப்பவர் நொண்டும் மாட்டையும் வற்றிய தொட்டியையும் அன்றே பார்த்துவிடுவார். கம்பி தருவதைவிடக் கவனம் தருவது அதிகம் என்பது என் எண்ணம். அந்தக் கவனத்தைக் கட்டாயமாக்குவதுதான் சுழற்சியின் பெரிய பலம். அதோடு, பெரும்பாலான சோதனைகள் மழை குறைந்த இயற்கைப் புல்வெளிகளில் நடந்தவை. மழையோ பாசனமோ நிறைவாக உள்ள, விதைத்து வளர்த்த புல்லில் கணக்கு வேறு. நியூசிலாந்தின் கறவைப் பண்ணைகள் ஒவ்வொரு கறவைக்குப் பிறகும் மந்தைக்குப் புதுத் துண்டு கொடுத்தே நடக்கின்றன. அங்கே புல் மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடுகிறது, மாடுகளை எப்படியும் தினம் இரண்டு முறை ஓட்டி வர வேண்டியிருக்கிறது, ஆகவே நகர்த்துவதற்கு என்று தனி உழைப்பு இல்லை.

எந்த மாடு?

முறையைவிட லாபத்தைப் பெரிதாக அசைக்கும் இன்னொரு தேர்வு, நிலத்தில் எதை விடுகிறோம் என்பது.

தாய்மாடு வைத்துக் கன்று விற்பது நிதானமான வழி. ஆனால் அந்தத் தாய் வருஷம் 365 நாளும் தின்னும், விற்பதற்கு இருப்பதோ ஒரு கன்று. சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 82 நாளுக்குள் அவள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். பால் உச்சத்தில் கொடுத்துக்கொண்டே உடம்பையும் தேற்றிக்கொள்ள வேண்டிய நாட்கள் அவை. அந்த நாட்கள் புல் செழித்த பருவத்தில் விழுந்தால் நிலமே அவளைத் தேற்றிவிடும். காய்ந்த பருவத்தில் விழுந்தால் நாம் வாங்கிப் போட்டுத் தேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவள் சினை பிடிக்காமல் ஒரு வருஷம் சும்மா நிற்பாள். கன்று ஈனும் மாதத்தைப் புல்லோடு பொருத்துவது ஒரு காசு செலவில்லாத மாற்றம். காளையை எப்போது மந்தையோடு சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பெரிய உடம்புப் பசுவுக்கும் ஆசைப்படாதீர்கள். 600 கிலோ பசு 450 கிலோ பசுவைவிடக் கால் பங்குக்குக் கிட்ட அதிகம் தின்னும், கன்றின் எடை அந்த அளவுக்குக் கூடுவது அரிது.

பால் மறந்த கன்றுகளைப் பருவத் தொடக்கத்தில் வாங்கி, புல் இருக்கும் மாதங்களில் வளர்த்து, புல் முடியும்போது விற்பது இரண்டாவது வழி. காய்ந்த பருவத்தில் வாயே இல்லை என்பது இதன் மிகப் பெரிய வசதி. மழை தவறினால் ஒரு மாதம் முன்னதாக விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாம், பல வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தாய்மந்தையைக் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் லாபம் வாங்கும் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. பல சந்தைகளில் கன்று கனமாக ஆக, கிலோ விலை இறங்கும். அதனால் விற்ற தொகையிலிருந்து வாங்கிய தொகையைக் கழித்து, ஏறிய கிலோவால் வகுத்து, ஏறிய ஒரு கிலோவுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். விற்ற விலையை மட்டும் பார்த்து மகிழ்கிறவர்கள் அந்தத் தொகையைப் பார்த்தால் திடுக்கிடுவார்கள். புது மந்தையோடு நோயும் வரும் என்பதால், வந்ததும் சில வாரம் தனித்து வைக்க இடம் வேண்டும்.

என் விருப்பம் இரண்டின் கலப்பு. நிலம் தாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தாய்மாடு, மீதிக்கு வளர்ப்புக் கன்று. நல்ல வருஷத்தில் கன்று கூடும், கெட்ட வருஷத்தில் கன்று வாங்கவே வேண்டாம். தாய்மந்தை தொடாமல் நிற்கும்.

செம்மறியையோ வெள்ளாட்டையோ சேர்ப்பது தனிப் பயன். மாடு புல்லை விரும்பும், செம்மறி அகன்ற இலைச் செடிகளை அதிகம் தின்னும், வெள்ளாடு புதரையும் முள்ளையும் தேடும். குடற்புழுவிலும் ஒரு நன்மை இருக்கிறது. ஆட்டைத் தாக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டுக்குள் வளராது. ஆடு மேய்ந்த துண்டில் அடுத்து மாடு மேய்ந்தால் அந்தப் புழுக்குஞ்சுகள் அங்கேயே மடியும். அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடி 5 சென்டிமீட்டரில்தான் இருக்கும். ஒட்ட மேயவிடாத பண்ணையில் ஆட்டு மருந்துச் செலவு குறைவதற்கு அதுவே காரணம். ஆனால் ஆட்டுக்கு வேலியும் காவலும் வேறு. மாட்டை நிறுத்தும் ஒற்றைக் கம்பி வெள்ளாட்டை நிறுத்தாது.

காய்ந்த மாதங்களுக்கு

தாய்மாடு வைத்த பண்ணைகளில் செலவின் பெரும்பங்கு தீவனம், அதில் வலிப்பது காய்ந்த பருவத்துத் தீவனம். மூன்று வழிகள் இருக்கின்றன: சொந்த நிலத்தில் புல் அறுத்து உலர்த்தி வைப்பது, வெளியிலிருந்து வாங்குவது, சில துண்டுகளைப் பருவத்தின் கடைசிப் பகுதியில் மூடிவைத்து நிற்கும் புல்லாகவே சேமிப்பது.

நான் மூன்றாவது பக்கம். மூடிவைத்த புல் காயும்போது சத்து குறையும், அதை மறைக்கத் தேவையில்லை. புரதம் குறைந்த அந்தக் காய்ந்த புல்லைச் செரிக்க, புண்ணாக்கோ பயறுத் தீவனமோ சிறிதளவு கொடுக்க வேண்டிவரும். ஆனாலும் அறுக்கவும் கட்டவும் ஏற்றவும் செலவில்லை. மந்தைக்கு முன்னால் ஒற்றை மின்கம்பியைத் தினமும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் மிதிபட்டு வீணாவதும் குறையும். சொந்த எந்திரம் வாங்கி அறுப்பது சிறு பண்ணைக்குக் கட்டுபடியாகாது. வருஷத்தில் பத்து நாள் ஓடும் எந்திரம் மீதி நாளெல்லாம் வட்டி தின்னும். அறுத்து வெளியே விற்பது இன்னும் மோசம். மாடு தின்ற தழை, மணி, சாம்பல் சத்துகளில் பெரும்பகுதி சாணமும் கோமியமுமாக அதே நிலத்துக்குத் திரும்புகிறது. விற்ற உலர்புல்லோடு அத்தனையும் வண்டியேறிப் போய்விடும். வாங்குகிறவருக்கோ இதே காரணத்தால் பக்கத்து நிலத்தின் உரமும் சேர்ந்து வருகிறது. அதனால் ஒரு துண்டு மெலிந்து கிடந்தால், வாங்கிய உலர்புல்லை அந்தத் துண்டிலேயே விரித்து மாட்டுக்குக் கொடுப்பது பணத்தை இரண்டு முறை வேலை வாங்குவது போல.

தண்ணீரும் கம்பியும்

வேலியைவிடத் தண்ணீருக்கு முதலில் பணம் போடுங்கள். பால் கொடுக்கும் பசு வெயில் நாளில் 70 லிட்டர்கூடக் குடிக்கும். சின்னத் துண்டுகளில் தண்ணீர் 250 மீட்டருக்குள் இருந்தால் மாடு ஒவ்வொன்றாக வந்து குடித்துவிட்டு மேயப் போகும். தூரம் கூடினால் மந்தையாகக் கிளம்பி வந்து, குடித்து, அங்கேயே படுத்து, சாணத்தையும் அங்கேயே போட்டுவிடும். தூரத்துப் புல் யாருக்கும் ஆகாமல் முற்றும். பரந்த நிலத்தில் தண்ணீரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிய புல்லைக் கணக்கில் பாதியாகவே வையுங்கள்.

சுற்றுவேலி வலுவாக நிரந்தரமாக இருக்கட்டும். உள்வேலிக்கு முதல் இரண்டு வருஷம் தூக்கி நடக்கக்கூடிய ஒற்றை மின்கம்பியும் நெகிழிக் கம்பங்களும் போதும். நிலம் எங்கே வளமாக இருக்கிறது, மாடு எங்கே போக மறுக்கிறது என்பது நடந்து பார்த்தபின்தான் தெரியும். முதல் வருஷமே நிரந்தர வேலி போட்டவர்கள் மூன்றாம் வருஷம் பிடுங்கி நடுகிறார்கள். கழுத்துப் பட்டையில் ஜிபிஎஸ் வைத்து ஒலியாலும் சிறு மின்னதிர்ச்சியாலும் மாட்டை நிறுத்தும் கம்பியில்லா வேலி இப்போது வந்திருக்கிறது. கரடுமுரடான பெரிய நிலத்துக்கு அது நல்ல விடை ஆகலாம்.

மழை தவறினால்

எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த ஒன்றை எழுதிவைத்திருக்க வேண்டும்: எந்தத் தேதிக்குள் மழை வராவிட்டால் எத்தனை மாட்டை விற்பேன். பருவத்தின் நடுவில் ஒரு தேதி, முடிவில் ஒரு தேதி போதும். விற்கும் வரிசையையும் எழுதுங்கள். வளர்ப்புக் கன்று முதலில், பிறகு சினை பிடிக்காத பசு, பல் தேய்ந்த கிழடு, காலம் தவறி ஈனுவது, கடைசியில்தான் நல்ல இளம் தாய். பஞ்சம் வந்த பிறகு எல்லாரும் ஒரே வாரத்தில் விற்கக் கொண்டுவருவார்கள், விலை விழும். நான்கு வாரம் முன்னால் விற்றவர் நல்ல விலைக்கு விற்றதோடு நான்கு வாரப் புல்லையும் மிச்சம் பிடித்திருப்பார். மழைக்காக இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடும் மனசுக்கு எதிராகத்தான் அந்தத் தேதி.

எந்த நிலத்துக்கு எது?

மழை குறைந்த, புல் வருஷத்தில் ஒரே ஒரு முறை எழும்பும் பெரிய நிலமானால், நான்கு துண்டு மூன்று மந்தை வழிக்குப் போங்கள், எண்ணிக்கையைக் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். அங்கே தினசரி நகர்த்துவதற்குச் செலவழிக்கும் பணமும் உழைப்பும் திரும்பி வராது. மழை நடுத்தரமாக இருந்து, புல் பருவத்தில் இரண்டு மூன்று முறை தேறும் நிலமானால் பத்துத் துண்டுச் சுழற்சிதான் பொருத்தம். கால்பங்கு நிலத்தைக் காய்ந்த பருவத்துக்கு மூடிவையுங்கள். பாசனமோ நிறைந்த மழையோ இருந்து, நீங்களே தினமும் நிலத்தில் இருப்பவரானால், கறவை மாட்டுக்குத் தினசரி நகர்த்தல் பலன் தரும். கூலியாளை நம்பித் தினசரி நகர்த்தலில் இறங்காதீர்கள்; ஒரு நாள் தவறினால் அந்தத் துண்டு ஒட்டக் கடிபடும். நிலத்தை அடிக்கடி போய்ப் பார்க்க முடியாதவர், லேசான எண்ணிக்கையில் திறந்த மேய்ச்சலை நடத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதி மனசோடு செய்யும் சுழற்சியைவிட அது நிலத்துக்கு நல்லது.

முதல் வருஷம், கணக்கில் வந்த எண்ணிக்கையின் முக்கால் பங்கோடு தொடங்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு கம்பிக் கூண்டைக் கவிழ்த்து, காற்றில் சாயாதபடி முளையடித்து வையுங்கள். மாட்டை நகர்த்தும் நாளில் கூண்டுக்கு உள்ளே நிற்கும் புல்லையும் வெளியே மிஞ்சிய புல்லையும் அருகருகே பார்க்கலாம், தேதியோடு ஒரு படமும் எடுத்து வைக்கலாம். புல்லின் எடையில் பெரும்பகுதி அடியில் இருப்பதால் உயரத்தை மட்டும் நம்பாமல், உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே அதே இடத்தளவில் ஒரு கைப்பிடி அறுத்து நிறுத்துப் பாருங்கள். வெளியே உள்ளது உள்ளேயிருப்பதில் பாதிக்குக் குறைந்த அன்று, அந்தத் துண்டில் மாடு ஒரு நாள் அதிகமாக நின்றுவிட்டது. எல்லாத் துண்டிலும் அப்படியே வந்தால், அடுத்த வருஷம் மந்தையைப் பெருக்கக் கூடாது, குறைக்க வேண்டும்.